ஜூன் 15க்கு முன்பே வந்துவிடும் வளைகுடா வெயில்

வளைகுடா நாடுகளின் வானிலை மையங்கள் ஏப்ரல், மே மாதங்களில் வெளியிடும் ஒரு வார முன்னறிவிப்புகளைத் தொடர்ந்து படித்துவருவோருக்கு அவற்றின் வாசகங்கள் ஏறக்குறைய மனப்பாடமாகியிருக்கும். வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும். பிற்பகலில் மலைப்பகுதிகளில் மழைமேகங்கள் திரளக்கூடும். காற்று அவ்வப்போது வலுத்துப் புழுதியைக் கிளப்பும். வெப்பநிலை படிப்படியாக உயரும். கரையோரங்களில் இரவிலும் அதிகாலையிலும் ஈரப்பதம் கூடும். வாரத்துக்கு வாரம் எண்கள் மாறுமே தவிர, வாசகம் பெரிதாக மாறுவதில்லை.

இந்த அமைதியான வாசகத்துக்குள் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று மழை. அது சொல்லாமல் வந்து, சாலைகளை ஆறுகளாக்கி, உலகத் தொலைக்காட்சிகளில் இடம்பிடித்துவிட்டுப் போய்விடும். மற்றொன்று, "வெப்பநிலை படிப்படியாக உயரும்" என்ற அந்தச் சாதாரண வரி. அதைப் படமெடுக்க எவரும் வருவதில்லை. ஆனால் திறந்தவெளியில் வேலை செய்வோருக்கு, அவர்களில் நம்மவர் பலரும் உண்டு, இந்த இரண்டாவது வரியே கூடுதலாகப் பொருட்படுத்த வேண்டியது. வெயிலிலிருந்து அவர்களைக் காப்பதற்காக இயற்றப்பட்ட சட்டங்கள் அந்த வாரங்களில் இன்னும் நடைமுறைக்கு வந்திருப்பதில்லை என்பதே அதற்குக் காரணம்.

கடல் ஒரு கடிகாரம், நிலம் ஒரு கடிகாரம்

வசந்தகாலத்தில் இப்பகுதியின் வானிலை ஏன் இவ்வளவு நிலையற்றதாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, கடலும் பாலைவனமும் வெவ்வேறு வேகத்தில் சூடேறுகின்றன என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஆழம் குறைந்த கடல் என்றபோதிலும், பாரசீக வளைகுடாவின் நீர் பிப்ரவரியில் 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்து, ஆகஸ்டில்தான் 33 டிகிரியை ஒட்டிய உச்சத்தை அடைகிறது. மணலோ அப்படிப் பொறுத்திருப்பதில்லை. ஏப்ரலில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடுகிறது. மேகமும் தாவரமும் இல்லாத நிலம் சில மணி நேரத்தில் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே ஏப்ரலில் துபாயிலோ தோஹாவிலோ கடற்கரையை ஒட்டி வேலை செய்பவருக்கும், அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உட்பகுதியில் வேலை செய்பவருக்கும் ஒரே வாரம் இரு வேறு பருவங்களாக அமைகிறது. கரையில் நண்பகலுக்குப் பின்னர் கடற்காற்று எழுந்து வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிறது. உட்பகுதிக்கு அந்தக் காற்று வந்துசேர்வதற்குள் நாளின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. முன்னறிவிப்பில் கரைக்கும் உட்பகுதிக்கும் நான்கு முதல் ஆறு டிகிரி வரை வேறுபாடு காணப்பட்டால், அது அச்சுப்பிழையல்ல.

இதனுடன் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் தாழ்வழுத்தங்களும் சேர்ந்துகொள்கின்றன. குளிர்காலம் முழுவதும் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்துவரும் இவை, வசந்தத்தில் சூடேறிய அரேபிய நிலப்பரப்பைச் சந்திக்கும்போது பண்பு மாறிவிடுகின்றன. தாழ்வழுத்தம் நெருங்கும்போது முதலில் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. வளைகுடாக் கடலோடிகள் இதைக் "கவுஸ்" என்று அழைத்தார்கள். உட்பாலைவனத்தின் வெப்பத்தையும் மணலையும் அள்ளிக்கொண்டு வரும் இக்காற்றினால் வெப்பநிலை ஓரிரு நாள்களில் திடீரென்று ஏறும். பிறகு மேகங்கள், சில வேளைகளில் இடியுடன் மழை. அடுத்து "ஷமால்" எனப்படும் வடமேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் வெப்பநிலை சரிந்து, வானம் தெளிந்து, இரண்டு நாள் இதமாக இருக்கும். பின்னர் மீண்டும் ஏற்றம். வசந்தகாலத்தின் ஒரு வாரம் பெரும்பாலும் இந்த நாடகத்தின் ஒரு முழுச் சுற்றாகவே கழிகிறது.

மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை பிற்பகலிலும் மாலையிலும் திடீரென எழும் இடிமழைகளை குவைத்திலும் அண்டைப் பகுதிகளிலும் "சராயாத்" என்று சொல்கிறார்கள். எங்கு எழும், எப்போது எழும் என்பதை முதல் நாள் மாலை வரைகூடத் துல்லியமாகச் சொல்ல இயலாது. ஒரு நகரின் ஒரு பகுதியில் ஆலங்கட்டி மழை பெய்யும்போது அடுத்த பகுதியில் வெறும் புழுதி மட்டுமே பறந்துகொண்டிருக்கும்.

2024 ஏப்ரலில் நடந்தது

இந்த வசந்தகால மழை எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதை 2024ஆம் ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதி காட்டியது. ஏப்ரல் 14ஆம் தேதி ஓமனில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் சென்ற வாகனம் அடித்துச் செல்லப்பட்டதில் பல குழந்தைகள் மாண்டனர். இரு நாள் கழித்து, ஏப்ரல் 16ஆம் தேதி, ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அல் ஐன் பகுதியிலுள்ள கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் 254.8 மில்லிமீட்டர் மழை பதிவானது. 1949ஆம் ஆண்டில் அந்நாட்டில் மழைப்பதிவுகள் தொடங்கிய பின்னர் இதுவே மிக அதிகம். ஆண்டு முழுவதற்கும் சராசரியாக 100 மில்லிமீட்டருக்கும் குறைவான மழையே காணும் துபாய் நகரம், ஓராண்டு மழையை ஒரே நாளில் தாண்டியது. துபாய் சர்வதேச விமான நிலையத்தின் ஓடுபாதைகள் நீரில் மூழ்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமான சேவைகள் ரத்தாயின.

மேகங்களில் உப்புத் துகள்களைத் தூவி மழையைத் தூண்டும் திட்டம் ஒன்றை அந்நாடு பல ஆண்டுகளாக நடத்திவருவதால், இந்த வெள்ளம் செயற்கையாக வரவழைக்கப்பட்டது என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. தமிழில் வந்த சமூக ஊடகப் பதிவுகளும் இதற்கு விலக்கல்ல. அந்தப் புயலின்போது மேகத் தூவல் மேற்கொள்ளப்படவில்லை என்று தேசிய வானிலை மையம் மறுத்தது. அந்த மறுப்பை ஒருவர் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், இயற்பியல் தெளிவாகவே இருக்கிறது. தூவல் என்பது இருக்கின்ற மேகத்திலிருந்து சற்றே கூடுதலாக நீரைப் பெறும் முயற்சி. பல நாடுகளை ஒருசேர மூடிய ஒரு மேகத் தொகுதியை அதனால் உருவாக்க முடியாது. அதே தொகுதி ஓமனிலும் பஹ்ரைனிலும் பெய்தது. அது வரப்போகிறது என்பதைக் கணினி மாதிரிகள் பல நாள்களுக்கு முன்பே காட்டியிருந்தன.

காலநிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் விஞ்ஞானிகளின் சர்வதேசக் குழு ஒன்று, எல் நினோ நிலவும் ஆண்டுகளில் இப்பகுதியில் பெய்யும் இத்தகைய கனமழை, புவி வெப்பமடைதலுக்கு முன்னர் இருந்திருக்கக்கூடியதைவிட 10 முதல் 40 சதவீதம் வரை கடுமையாகியிருக்கிறது என்று அந்த மாதமே மதிப்பிட்டது. நீண்டகாலத் தரவுகள் குறைவாக உள்ள பகுதி என்பதால் அந்த மதிப்பீட்டின் எல்லைகள் விரிந்தவை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. முன்னறிவிப்பு தவறவில்லை. எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. அதன் பேரில் அரசு ஊழியர்கள் வீட்டிலிருந்து பணியாற்றவும், பள்ளிகள் இணையவழியில் நடக்கவும் உத்தரவானது. அதே எச்சரிக்கை உணவுப் பொட்டலங்களை இருசக்கர வாகனத்தில் கொண்டுசெல்பவருக்கும், கட்டடத்தில் சாரம் கட்டிக்கொண்டிருப்பவருக்கும், பெட்ரோல் நிலையத்தில் நிற்பவருக்கும் என்ன பொருளில் போய்ச்சேர்ந்தது என்பது தனிக் கேள்வி. வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையைச் செய்பவருக்கே முன்னறிவிப்பு ஒரு பாதுகாப்பாகிறது. மற்றவருக்கு அது ஒரு தகவல் மட்டுமே.

வெள்ளத்துக்குப் பின் பணம் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூன் மாதத்தில் துபாய் ஆட்சியாளர் 3,000 கோடி திர்ஹாம் செலவிலான மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். 2033ஆம் ஆண்டில் அது நிறைவடையும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பெரிய ஆபத்து கண்ணெதிரே வந்து நின்றால் செல்வந்த அரசுகளால் விரைந்து செயல்பட முடியும் என்பதற்கு இது சான்று.

புழுதியின் வாரங்கள்

மழை வராத வாரங்களில் புழுதி வருகிறது. டைகிரிஸ், யூப்ரட்டீஸ் ஆறுகளின் வறண்ட வண்டல் சமவெளியிலிருந்து கிளம்பும் நுண்மண், வடமேற்குக் காற்றுடன் குவைத், கிழக்கு சவுதி அரேபியா, பஹ்ரைன், கத்தார் என்று தெற்கே இறங்குகிறது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அடுத்தடுத்து வீசிய புழுதிப்புயல்களால் இராக்கில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளுக்குச் சென்றனர். குவைத் விமான நிலையம் தற்காலிகமாக மூடப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதியிலும் பஸ்ரா உள்ளிட்ட தெற்கு இராக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறலுக்குச் சிகிச்சை பெற்றனர். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்னறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது மழைச் சின்னத்தை அல்ல, காற்றின் திசையையும் வேகத்தையும் என்பது இங்குள்ள மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. அரபிக் கடலில் மே மாதத்தில் உருவாகும் புயல்கள் ஓமனின் தென்கரையைத் தாக்குவதும் உண்டு. 2018ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மெக்குனு புயல் சலாலா பகுதியைப் புரட்டிப்போட்டது.

சட்டத்தின் நாள்காட்டியும் வெயிலின் நாள்காட்டியும்

இனி அந்த அமைதியான வரிக்கு வருவோம்.

வளைகுடா ஒத்துழைப்பு அவையின் ஆறு நாடுகளும் கோடையில் நண்பகல் நேரத் திறந்தவெளி வேலைக்குத் தடை விதிக்கின்றன. 2025ஆம் ஆண்டு நிலவரப்படி, ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணி தொடங்கி 3 மணி வரை வேலை கூடாது. சவுதி அரேபியாவிலும் அதே தேதிகள். நேரம் பகல் 12 முதல் 3 வரை. குவைத்தில் ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை காலை 11 முதல் மாலை 4 வரை. ஓமனில் அதே மூன்று மாதங்கள், 12.30 முதல் 3.30 வரை. பஹ்ரைன் இரண்டு மாதமாக இருந்த தடையை 2025ஆம் ஆண்டில் மூன்று மாதமாக நீட்டித்தது. கத்தாரின் விதி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. அதைப் பின்னர் பார்ப்போம்.

இவை வரவேற்கத்தக்க சட்டங்கள் என்பதில் ஐயமில்லை. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் இத்தடை 2005ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மீறும் நிறுவனத்துக்கு ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹாம் வீதம், அதிகபட்சம் 50,000 திர்ஹாம் அபராதம். நிறுவனங்கள் 99 சதவீதத்துக்கும் மேல் இதைப் பின்பற்றுகின்றன என்று அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் ஆண்டுதோறும் கூறிவருகிறது. அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அது ஜூன் 15க்குப் பிந்தைய கணக்கு.

ஜூன் 14ஆம் தேதி வரையிலான நிலை என்ன? துபாயின் நீண்டகாலச் சராசரியைப் பார்த்தால், நாளின் உச்ச வெப்பநிலை ஏப்ரலில் 33 டிகிரி, மே மாதத்தில் ஏறக்குறைய 38, ஜூனில் 39.5, செப்டம்பரில் 39. அதாவது தடையில்லாத மே மாதமும், பாதி மாதம் தடையுள்ள செப்டம்பரும் வெப்பமானியில் ஏறக்குறைய ஒன்றுதான். கடல்நீர் சூடாக இருப்பதால் செப்டம்பரில் புழுக்கம் அதிகம், ஆகவே உடலுக்கு அது கூடுதல் சிரமம் என்று வாதிடலாம். வாதம் சரியே. ஆனால் செப்டம்பரில் அந்தத் தொழிலாளி ஒரு முழுக் கோடையைக் கடந்து வந்திருக்கிறார். மே மாதத்தில் அவர் கோடைக்குள் நுழைந்துகொண்டுதான் இருக்கிறார்.

இந்த வேறுபாடு உடலியல் சார்ந்தது. வெப்பத்தில் வேலை செய்ய மனித உடல் தன்னைப் பழக்கிக்கொள்ள ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை எடுத்துக்கொள்கிறது. அந்த நாள்களில் குருதியின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை விரைவாகச் சுரக்கத் தொடங்குகிறது. வியர்வையோடு வெளியேறும் உப்பு குறைகிறது. ஒரே வேலைக்கு இதயம் துடிக்கும் வேகம் தணிகிறது. இந்தப் பழக்கம் நிரந்தரமானதல்ல. குளிரூட்டப்பட்ட இடத்தில் சில வாரங்கள் இருந்தாலே மறைந்துவிடும். வெயிலில் வேலை செய்து இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த வேலையில் சேர்ந்த முதல் சில நாள்களிலேயே இறக்கின்றனர் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் கூறுகிறது. ஆகையால் ஆபத்து மிக்க நாள் ஆண்டின் மிகச் சூடான நாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திடீரென்று ஏழெட்டு டிகிரி ஏறும் ஏப்ரல் இறுதி வாரத்தின் ஒரு நாளாகவும் அது இருக்கலாம். தெற்கிலிருந்து கவுஸ் காற்று வீசும் நாள் அத்தகையது.

2025ஆம் ஆண்டு வசந்தம் இதை எண்களால் காட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் பதிவான நாளாந்த உச்ச வெப்பநிலைகளின் சராசரி 42.6 டிகிரி, அம்மாதத்துக்கு அதற்கு முன்னர் காணாத அளவு என்று வானிலை மையம் தெரிவித்தது. மே 23ஆம் தேதி அபுதாபி பகுதியில் 50.4 டிகிரியும், மறுநாள் அல் ஐனுக்கு அருகிலுள்ள ஸ்வெய்ஹானில் 51.6 டிகிரியும் பதிவாயின. நண்பகல் வேலைத் தடை தொடங்க அப்போது மூன்று வாரங்கள் மீதமிருந்தன.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். அரேபியர்களின் பழைய வானியல் மரபில், "துரையா" என்ற விண்மீன் கூட்டம் ஏப்ரல் இறுதியில் சூரிய ஒளியில் மறைந்து, ஏறக்குறைய நாற்பது நாள் கழித்து ஜூன் முதல் பகுதியில் விடியலுக்கு முன் கிழக்கில் மீண்டும் தோன்றுகிறது. அந்த மறைவு வசந்தத்தின் கடைக்கட்டம். மீள்தோற்றம் கடுங்கோடையின் வாசல். துரையா என்பது நாம் கார்த்திகை என்றழைக்கும் அதே கூட்டம்தான். சூரியன் அதன் அருகே சஞ்சரிக்கும் மே மாத நாள்களைத்தான் தமிழகத்தில் அக்கினி நட்சத்திரம் என்றும் கத்திரி என்றும் சொல்கிறோம். இரண்டு கரைகளில் வாழ்ந்த இரண்டு மக்கள், ஒரே விண்மீன் கூட்டத்தை வைத்து வெயிலைக் கணக்கிட்டிருக்கிறார்கள். இருவருமே மே மாதத்தை வெயிலுக்கு வெளியே வைக்கவில்லை.

கத்தாரின் மாற்றுவழி

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கான கட்டுமானங்களை ஒட்டி எழுந்த கடும் விமர்சனங்களுக்குப் பின், கத்தார் அரசும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கிரேக்க நாட்டின் தெஸ்ஸாலி பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்டு 2019ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் உடல்வெப்பத்தை வேலைத்தளத்திலேயே அளந்தன. அதன் விளைவாக 2021ஆம் ஆண்டு மே மாதம் புதிய விதி வந்தது. தடைக்காலம் ஜூன் 1ஆம் தேதியே தொடங்கி செப்டம்பர் 15 வரை நீள்கிறது. நேரம் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை. அதைவிட முக்கியமானது அடுத்த பிரிவு. வெப்ப அழுத்தக் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால், நேரம் எதுவாக இருந்தாலும் வேலை நிறுத்தப்பட வேண்டும்.

இந்தக் குறியீடு நாம் செய்தியில் கேட்கும் வெப்பநிலை அல்ல. வானிலை நிலையத்தின் வெப்பமானி, காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டிக்குள், நிழலில், தரையிலிருந்து ஒன்றரை இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பி கட்டும் தொழிலாளி அந்தப் பெட்டிக்குள் இல்லை. அவர் மேல்தளத்தில் வெயிலில், சூடேறிய இரும்பின் மேல் குனிந்து நிற்கிறார். அவருடைய நிலையை அளக்க மூன்று கருவிகள் தேவை: சாதாரண வெப்பமானி, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, வெயிலை உள்வாங்கும் கரிய உருண்டைக்குள் வைத்த வெப்பமானி. இம்மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகையில் பத்தில் ஏழு பங்கு மதிப்பு ஈரத்துணி வெப்பமானிக்குத் தரப்படுகிறது. வியர்வை உலர முடியுமா என்பதை அதுவே காட்டுகிறது என்பதால். 32 என்ற எண் சிறியதாகத் தோன்றினாலும், அந்த அளவில் கடின உழைப்பு மரணத்தில் முடியக்கூடும்.

தேதி அடிப்படையிலான சட்டத்துக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆய்வாளர் ஒருவர் வேலைத்தளத்துக்குச் சென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாலே விதிமீறலை உறுதிசெய்யலாம். தொழிலாளிக்கும் தன் உரிமை எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பது ஐயமின்றித் தெரியும். குறியீட்டு விதிக்குக் கருவி வேண்டும். கருவியை வைத்திருப்பவர் பெரும்பாலும் முதலாளி. அதைப் படித்துச் சொல்பவர் அவருடைய ஃபோர்மேன். ஒப்பந்ததாரர்களோ எந்த நாளில் எத்தனை மணி நேரம் இழப்போம் என்று முன்கூட்டியே தெரியாமல் காலக்கெடுவை ஏற்க முடியாது என்கிறார்கள்.

ஆனால் இந்தக் கடைசி வாதத்துக்கு வானிலை அறிக்கையிலேயே பதில் இருக்கிறது. வசந்தகால முன்னறிவிப்பில் எது நம்பகமானது, எது நம்பகமற்றது என்று பார்த்தால், பிற்பகல் இடிமழை எங்கே விழும் என்பதே நம்பகமற்றது. பாலைவனத்தின் உச்ச வெப்பநிலையோ, மேகமும் ஈரமும் குறைந்த அந்நிலத்தில், மூன்று நான்கு நாள்களுக்கு முன்பே ஓரிரு டிகிரி வேறுபாட்டுக்குள் சொல்லப்படுகிறது. முன்கூட்டியே அறியக்கூடிய ஆபத்து வெயில்தான். அறிய இயலாத மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை நிறங்களும் வீட்டிலிருந்து வேலையும் இருக்க, அறியக்கூடிய வெயிலுக்கு ஜூன் 15 மட்டுமே இருப்பது விந்தைதான்.

மரணச் சான்றிதழில் இல்லாத சொல்

இந்த வாரங்களின் விலையைக் கணக்கிடுவது கடினம். வெயிலால் நேரும் மரணங்கள் பெரும்பாலும் அந்தப் பெயரில் பதிவாவதில்லை. "இயற்கைக் காரணங்கள்", "இதயம் நின்றுபோதல்" என்றே மரணச் சான்றிதழ்கள் சொல்கின்றன என்றும், அடிப்படைக் காரணம் விசாரிக்கப்படுவதில்லை என்றும் அம்னெஸ்டி இன்டர்நேஷனல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆகிய அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டிவருகின்றன. கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று 1,354 மரணங்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் 571 இதய, குருதிநாள நோய்களால் நேர்ந்தவை எனப் பதிவாகியிருந்தன. வெயிலிலிருந்து முறையான பாதுகாப்பு இருந்திருந்தால் அவற்றில் 200 வரை தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். இறந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்.

சான்றிதழில் எந்தச் சொல் இடம்பெறுகிறது என்பது ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு வெறும் சொல் பற்றிய பிரச்சினை அல்ல. பணியின்போது நேர்ந்த மரணம் என்றால் இழப்பீடு கோர வழி உண்டு. இயற்கை மரணம் என்றால் வேலை கொடுத்தவரின் பொறுப்பு அத்துடன் முடிந்துவிடக்கூடும். இராமநாதபுரத்திலோ சிவகங்கையிலோ மட்டக்களப்பிலோ விமான நிலையத்துக்குச் சென்று பெட்டியைப் பெற்றுக்கொள்ளும் குடும்பத்தினர், அந்தக் காகிதத்தின் இரண்டு சொற்களை வைத்துத்தான் மேற்கொண்டு எதையும் கேட்க முடியும்.

வளைகுடா நாடுகளில் ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர்கள் வாழ்கிறார்கள். இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், நேபாளம், பிலிப்பைன்ஸ் நாட்டவரும் பெருந்தொகையினர். அவர்களில் எல்லோரும் வெயிலில் நிற்பவர்கள் அல்லர். ஆனால் நிற்பவர்கள் யார் என்று பார்த்தால், மாத இறுதியில் ஊருக்குப் பணம் அனுப்பியாக வேண்டிய கட்டாயமும், முகவருக்குக் கொடுத்த தொகைக்கு வட்டியும் உள்ளவர்களே அதிகம். தலைசுற்றுகிறது என்று சொல்லிச் சற்று உட்கார்ந்தால் அரை நாள் கூலி போய்விடுமோ என்று அஞ்சுகிறவருக்கு, "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற பொது அறிவுரை ஓரளவுக்கே உதவும்.

முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது

ஐக்கிய அரபு எமிரேட்ஸின் வானிலை மையம் தன் அறிக்கைகளை அரபு மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. ஆகவே தமிழில் சில குறிப்புகளைச் சொல்லி வைப்பது பயன் தரலாம்.

கரையோரத்தில் வேலை செய்பவர் வெப்பநிலை எண்ணைவிட ஈரப்பத எண்ணையே முதலில் பார்க்க வேண்டும். 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்த நாள், 41 டிகிரியும் 10 சதவீதமும் உள்ள நாளைவிட உடலுக்குக் கடுமையானது. வியர்வை உலராமல் உடலிலேயே வழிந்துகொண்டிருக்கும். உட்பாலைவனத்தில் ஆபத்து வேறு விதமானது. வியர்வை சுரந்த கணமே உலர்ந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே தெரியாது. சட்டையில் உப்புப் படிந்த வெண்கோடுகளும் சிறுநீரின் அடர்நிறமுமே அங்கு அடையாளங்கள். தெற்கு, தென்கிழக்குக் காற்று என்று அறிக்கை சொன்னால் அடுத்த ஓரிரு நாள்கள் வெப்பம் ஏறும் என்று எதிர்பார்க்கலாம். வடமேற்குக் காற்று என்றால் வெப்பம் தணியும், ஆனால் புழுதி வரும், கடலும் கொந்தளிக்கும். படகில் மீன்பிடிக்கச் செல்லும் தமிழக மீனவர்கள் வளைகுடாவில் பலர் இருப்பதால் இந்தக் கடைசிச் செய்தி அவர்களுக்கு உயிர் சார்ந்தது. மலையடிவாரத்தில் வேலை செய்வோர், தங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், மலையில் மழை என்ற அறிவிப்பு வந்தால் "வாதி" எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகளைக் கடக்கக் கூடாது. ஓமனில் நேர்ந்த உயிரிழப்புகளில் பல அத்தகைய படுகைகளில் நேர்ந்தவை.

விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்புவோர் முதல் ஒரு வாரம் முழு வேகத்தில் வேலை செய்யலாகாது. கத்திரி வெயிலிலிருந்துதான் வருகிறோம், இது என்ன பெரிய வெயில் என்று நினைப்பது இயல்பு. ஊரில் திண்ணையில் அமர்ந்து கண்ட வெயிலும், தளத்தில் எட்டு மணி நேரம் சுமை தூக்கிக் காணும் வெயிலும் உடலுக்கு ஒன்றல்ல. பேச்சுக் குழறுவதோ, நிலை தடுமாறுவதோ, நடத்தை மாறுவதோ தெரிந்தால் அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. அந்த நேரம்தான் பெரும்பாலும் உயிரைத் தீர்மானிக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, மாற்றம் முற்றிலும் இல்லை என்று சொல்வதற்கில்லை. பஹ்ரைன் ஒரு மாதம் நீட்டித்திருக்கிறது. கத்தார் ஒரு குறியீட்டை எழுதியே வைத்துவிட்டது, அமலாக்கம் பற்றிய கேள்விகள் தொடர்ந்தாலும். மற்ற தலைநகரங்களில் ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியில் தொழிலாளர் அமைச்சகங்கள் அந்த ஆண்டுக்கான நண்பகல் தடையை அறிவிக்கின்றன. அந்த அறிவிப்பு வெளியாகும் நாளில் ஸ்வெய்ஹானில் வெப்பமானி எங்கே நிற்கிறது என்பதையும் அதே அதிகாரிகளால் அதே கணினித் திரையில் பார்த்துக்கொள்ள முடியும்.